இரண்டு விரல் அகலத்தில் ஒரு சாமி

அத்தியாயம் 6

விரிசலுக்குள் அழகுமுத்து தன் சுண்டுவிரலை நுழைத்துக் காட்டினார். பாதி விரல் உள்ளே போனது. அதற்கு ஒரு சாண் மேலே, அதே விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"சுவர் பொய் சொல்லுதா, கண்ணாடி பொய் சொல்லுதா? அத மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்" என்றார்.

துப்பறிவாளர் சுலக்ஷனா கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கண்ணாடியின் மேல் அடித்தாள். பதினெட்டு வருடம் காப்புறுதிக் கம்பனியில் போலி விபத்துகளை விசாரித்துவிட்டு, ஹட்டனில் ஒரு தையல் கடைக்கு மேலே சொந்த அலுவலகம் போட்டவள். சந்தேகப்படுவது அவளுக்கு மூச்சு விடுவது போல.

பின்னால் நின்ற ஸஃப்வான் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய உதவியாளன், அவளுடைய முச்சக்கர வண்டியின் ஓட்டுநர், இரண்டும் அவன்தான். வண்டிக்கு பிரேக் உண்டு. வாய்க்குக் கிடையாது.

"மேடம், இந்தக் கூரை என்னயப் பார்த்து முறைக்கிது. சீக்கிரம் பாருங்க."

பிராம்லி தேயிலைத் தோட்டத்தின் நாலாம் நம்பர் லயம் அது. ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. இது போல முப்பது லயங்களும் ஒரு பஸாரும் ஒரு பாடசாலையும் இந்த ஒற்றை மலை முதுகில் நெருக்கியடித்துக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே, மலையின் வயிற்றுக்குள், ஹட்டன் நெரிசலைத் தவிர்க்கும் புதிய சுரங்கப்பாதையைக் குடைந்துகொண்டிருந்தது ஒரு ராட்சத இயந்திரம். இன்று செவ்வாய். வியாழக்கிழமை அது இந்த லயத்துக்கு நேர் கீழே வந்துவிடும்.

போன டிசம்பரில், குடைவதற்கு முன்பே, கம்பனிக்காரர்கள் ஒவ்வொரு காம்பராவுக்கும் வந்தார்கள். சுவரில் ஏற்கெனவே இருந்த பழைய விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சாந்து பூசி ஒட்டினார்கள். நிலம் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வேலையை நிறுத்துவோம் என்றார்கள். கண்ணாடியின் மேல் சிவப்பு மையில் காம்பரா நம்பரும் திகதியும் எழுதினார்கள்.

இப்போது மே மாதம். போன கிழமை மூன்றாம் காம்பராவின் அடுப்படிச் சுவர் சரிந்து விழுந்தது. ஆனால் பன்னிரண்டு கண்ணாடியில் ஒன்றுகூட உடையவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குப் பிரதேச செயலகத்தில் விசாரணை. கம்பனி அந்தப் பன்னிரண்டு கண்ணாடியைத்தான் சாட்சியாகக் கொண்டுவரப் போகிறது.

"கம்பனிக்காரனுங்கதான் ரகசியமா மாத்திட்டாங்க மேடம்" என்றார் அழகுமுத்து. தொழிற்சாலையில் வேலை, லயக் குழுவின் செயலாளர், இந்த ஏழாம் காம்பராவின் குடித்தனக்காரர். "நான் விடியக்காலைல வேலைக்குப் போயிடுறேன். பூரணி கொழுந்து பறிக்க மலைக்குப் போயிடுது. யார் வர்றா, யார் போறான்னு பார்க்க ஆளில்ல."

"பூரணி?"

"என் வீட்டுக்காரி."

சுலக்ஷனா கண்ணாடியில் இருந்த சிவப்பு நம்பருக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு மூக்கை.

"ஸஃப்வான், இத மோந்து பாரு."

அவன் முகர்ந்தான். "எங்க வீட்டுக்காரி கல்யாணத்துக்குப் போறப்ப வர்ற வாசனை. கியூடெக்ஸ்." அவன் நிமிர்ந்தான். "கம்பனி இன்ஜினியர் நகத்துக்கு கியூடெக்ஸ் போடுறாரா? தப்பில்ல. நிறம்தான் கொஞ்சம் தூக்கல்."

"இந்தக் காம்பராவுக்கு எப்ப நீலம் அடிச்சீங்க?" என்று அழகுமுத்துவிடம் கேட்டாள்.

"பொங்கலுக்கு. லயம் முழுக்க ஒரே நாள்ல அடிச்சோம். கண்ணாடிய தொடக் கூடாதுன்னு சுத்திவர விட்டுட்டு அடிச்சோம்."

"அதுக்கு முந்தி என்ன நிறம்?"

"பச்சை."

சுலக்ஷனா டார்ச்சைக் கண்ணாடியின் நடுவில் நிறுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. நீலச் சுவர்.

"டிசம்பர்ல ஒட்டின கண்ணாடிக்குப் பின்னால, ஜனவரியில அடிச்ச நீலம் எப்படிப் போச்சு?"

அழகுமுத்து குனிந்து கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தார். ஸஃப்வான் சொன்னான்: "பெயின்ட் களைச்சுப்போயி உள்ள போய்ப் படுத்திருக்கும்."

பன்னிரண்டு காம்பராவையும் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தார்கள். ஓரத்தில் இருந்த மூன்று காம்பராக்களில் கண்ணாடிக்குப் பின்னால் பச்சை. அவை உண்மையானவை. மற்ற ஒன்பதிலும் நீலம்.

"இங்க ஹட்டன்ல கண்ணாடி வெட்டுற கடை எத்தன இருக்கு?" என்று வண்டியில் ஏறும்போது கேட்டாள் சுலக்ஷனா.

"ஒண்ணுதான் மேடம். அதுவும் எங்க மாமா கடை. கேஸ் முடிஞ்சிரிச்சி, டீ குடிச்சிட்டுப் போவோம்."

*

ஸஃப்வானின் மாமா பக்கீரின் கடையில் கண்ணாடிப் பாளங்கள் சுவரோரம் சாய்ந்து நின்றன. வைரமுனைக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் இருவரையும் உட்காரச் சொன்னார். சுலக்ஷனா கையால் அளவு காட்டினாள்.

"ஒரு சாண் நீளம். ரெண்டு விரல் அகலம். இந்த அளவுல ஒன்பது துண்டு. கம்பனி ஆள் யாராவது வந்து வாங்கினாங்களா நானா?"

பக்கீர் சிரித்துவிட்டார். "வாங்கினாங்க மிஸ். ஆனா கம்பனி ஆள் இல்ல. ஒரு ஆள் மட்டும் இல்ல. ஒன்பது பேர். அத்தனையும் தோட்டத்துப் பொம்பளைங்க. ஒவ்வொருத்தரா, தனித்தனியா வந்தாங்க. ஒருத்தர் வந்தது மத்தவங்களுக்குத் தெரியாது."

சுலக்ஷனாவின் கையில் இருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

"என்னத்துக்குன்னு சொன்னாங்க?"

"சாமி படத்துக்கு. மொதல்ல வந்தவங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கல. அஞ்சாவது ஆள் வந்தப்ப, 'ரெண்டு விரல் அகலத்துல எந்தச் சாமிம்மா இருக்கு'ன்னு கேட்டேன். அந்தப் புள்ள நல்லா யோசிச்சிட்டு, 'நின்னுக்கிட்டு இருக்கிற சாமி'ன்னிச்சு."

"வேல் மட்டும் வச்சா சரியா வரும் மாமா" என்றான் ஸஃப்வான்.

சுலக்ஷனா சிரிக்கவில்லை. காலையிலிருந்து கம்பனிக்குள் இருக்கும் ஒரு கள்ளனைத் தேடி வந்தவள் அவள். இப்போது கள்ளன் வெளியே இல்லை, வாடிக்கையாளரின் வீட்டுக்குள்ளேயே இருந்தான். இருந்தாள்.

"அளவுக்கு என்ன கொண்டுவந்தாங்க?"

"உடைஞ்ச துண்டு. 'இதே மாதிரி வேணும்'னு காட்டுவாங்க. புதுச வாங்கிட்டுப் பழசக் கையில எடுத்துட்டுப் போக வேணாம், வெட்டிடும், இங்கயே போடுங்கன்னு நான்தான் சொல்லுவேன்." பக்கீர் கடைக்குப் பின்னால் கை காட்டினார். "கழிவுப் பெட்டில கிடக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா லொறி வந்து எடுக்கும். இன்னும் வரல."

தோல் கையுறை போட்டுக்கொண்டு ஸஃப்வான் பெட்டிக்குள் குனிந்தான். ஒரு மணி நேரம் கழித்து மேசையில் பதினெட்டுத் துண்டுகள் கிடந்தன. ஒன்பது சோடி. ஒவ்வொன்றும் நடுவில் உடைந்தது. ஒவ்வொன்றின் மேலும் கம்பனியின் சிவப்பு மை, கம்பனியின் கையெழுத்து. முனைகளில் சாந்தும், சாந்தோடு பெயர்ந்து வந்த பச்சைப் பெயின்ட்டும் இன்னும் ஒட்டியிருந்தன.

ஸஃப்வான் ஒரு சோடியை எடுத்து வாசித்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவனுக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை.

"நாலாம் லயம், ஏழாம் காம்பரா. மேடம், இது நம்ம ஆள் வீடு."

*

நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். கங்காணி நிறையைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல, பூரணி தன் கூடையை இறக்கிவிட்டு ஓரமாக வந்தாள். நாற்பது வயது இருக்கும். விரல் நுனிகள் தேயிலைக் கறையில் கறுத்திருந்தன. சுலக்ஷனா கைக்குட்டையைப் பிரித்து அந்த இரண்டு துண்டுகளைக் காட்டினாள்.

பூரணி அதைப் பார்த்தாள். ஓடவில்லை, அழவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"நானே சொல்றேன்." தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "மார்ச்சுல, உடம்புக்கு முடியாம நான் வீட்ல இருந்த ஒரு நாள் மத்தியானம் உடைஞ்சிச்சுங்க. நான் சமைச்சிக்கிட்டு இருந்தேன். டிக்குன்னு ஒரு சத்தம். மறுநாளே கண்ணாடி பார்க்க தனுஷன் தம்பி வந்திச்சு. கம்பனியில தொடர்பு அதிகாரி. நம்ம தோட்டத்துப் பையன்தான், படிச்சுப் போனவன். கதவைச் சாத்திட்டுச் சொன்னான். 'அக்கா, கண்ணாடி உடைஞ்ச காம்பராவுக்கு சிவப்பு நோட்டீஸ் ஒட்டுவாங்க. மூணு நாளையில வெளிய போகணும். கூடாரத்துல போடுவாங்க. வேற வீடு கிடையாது. பழசப் பேத்த இடத்துல நீலத்தப் பூசிட்டு வேற கண்ணாடி ஒண்ணு ஒட்டிருங்க. ஒரு முனைய இறுக்காம விட்டா மறுபடி உடையாது. உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன், யாருக்கும் சொல்லிராதீங்க'ன்னான். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அதுகள கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அந்தத் தம்பி உங்களுக்கு மட்டும் சொல்லல" என்றாள் சுலக்ஷனா. "ஒன்பது பேருக்கு, 'உங்களுக்கு மட்டும்'னு சொல்லியிருக்காரு."

மற்ற எட்டுச் சோடிகளின் நம்பர்களையும் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, பூரணியின் பார்வை வரிசையில் நின்ற பெண்களின் மேல் போனது. எட்டாம் காம்பரா நிலக்ஷி. அஞ்சாம் காம்பரா லோஜினி. தினமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். இரண்டு மாதமாக ஒருவரையொருவர் காம்பராவுக்குள் கூப்பிடாமல், வாசலிலேயே பேசி அனுப்பியவர்கள்.

"அதான் லோஜினி என்னய உள்ள விடாம இருந்தாளா?" என்றாள் பூரணி மெதுவாக. "என்மேல ஏதோ கோவம்னு நினைச்சேன்."

"இத நாளைக்கு நான் சொன்னா, கம்பனிக்காரங்க உங்க ஒன்பது பேர் மேலயும் கேஸ் போடுவாங்க. சொல்லாட்டி, உடையாத கண்ணாடிய வச்சு வியாழக்கிழமை கீழ குடைவாங்க. நீங்க என்ன செய்யச் சொல்றீங்களோ, அதான்."

பூரணி கூடையைத் தோளில் மாட்டினாள்.

"ஒன்பது பேரும் ஒரே பொய்ய ஒட்டியிருக்கோம்னா, அது எங்க பொய் இல்லைங்க. நாளைக்கு நானே பேசுறேன்."

அவள் நேராக வரிசைக்குப் போய் லோஜினியின் கையைப் பிடித்தாள்.

*

புதன்கிழமை அந்த ஒன்பது பேரும் வேலைக்குப் போகவில்லை. விசாரணை அறையில் நாற்காலிகள் போதாமல், சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அழகுமுத்து மனைவியின் பக்கத்தில் நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனாலும் அவர் நின்றது அவள் பக்கத்தில்தான்.

விசாரணை அதிகாரி திருமதி விஜேகோனுக்குத் தமிழ் விளங்கும், எழுதுவது சிங்களத்தில். கம்பனியின் தலைமை இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேசுவதைத் தமிழிலும், மற்றவர்கள் பேசுவதை அவருக்குச் சிங்களத்திலும் சொல்வதற்கென்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், கழுத்துப்பட்டி கட்டிய தனுஷன்.

இன்ஜினியர் பன்னிரண்டு கண்ணாடிகளின் படங்களையும் மேசையில் பரப்பினார். ஒன்றும் உடையவில்லை, ஆகவே நிலம் அசையவில்லை. இரண்டே வசனம். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பூரணி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எங்க கண்ணாடி உடைஞ்சிச்சு மிஸ். நான்தான் புதுசு ஒட்டினேன். கியூடெக்ஸ்ல நம்பர் எழுதினேன்."

"நானும்" என்றாள் லோஜினி.

"நானும்" என்றாள் நிலக்ஷி.

ஒன்பது தடவை அந்த வார்த்தை அறையைச் சுற்றி வந்தது. சுலக்ஷனா பதினெட்டுத் துண்டுகளையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, அதிகாரியின் முன்னால் வைத்தாள். இப்படிச் செய்யச் சொன்னது யார் என்பதைப் பூரணி பெயரோடு சொன்னாள். தனுஷன் அதையும் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தன் பெயர் வந்த இடத்தில் அவன் குரல் தேய்ந்துபோனது.

இன்ஜினியர் தடுமாறவில்லை. மாறாக, சந்தோஷப்பட்டது போல் இருந்தது. சாட்சியைக் கலைத்ததாக இவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றார். பழைய கண்ணாடிகளையும் இவர்களே கையால் உடைத்திருப்பார்கள், இனி இவர்கள் சொல்லும் எதையும் ஏற்கக் கூடாது, வேலை நாளையும் தொடர வேண்டும்.

"முடிஞ்சிரிச்சி மேடம்" என்று சுலக்ஷனாவின் காதருகே முணுமுணுத்தான் ஸஃப்வான். "நம்ம சாட்சிய வச்சே நம்மள அடிக்கிறான்."

சுலக்ஷனா எழுந்திருக்கப் போனாள். பூரணி கையைக் காட்டி அவளை உட்கார வைத்தாள்.

"சரிங்க. எங்கள நம்ப வேணாம்" என்றாள் அதிகாரியிடம். "நீங்களும் வாங்க, அந்த சாரும் வரட்டும். அவர் கையாலயே எங்க காம்பராவுல ஒரு கண்ணாடி ஒட்டட்டும். மெஷின நிப்பாட்டக்கூட வேணாம். நாளைக்கு அது கீழ வர்றப்ப, சார் எங்க கூட உள்ளயே உக்காரட்டும். உடைஞ்சா அவரே பார்க்கலாம். உடையாட்டி எங்க ஒன்பது பேரையும் பொலிஸ்ல பிடிச்சுக் குடுக்கலாம். சாப்பாடு நான் போடுறேன்."

திருமதி விஜேகோன் அதைச் சிங்களத்தில் இன்ஜினியரிடம் சொன்னார். அவர் மறுத்தார். வெளிப்படையான, பழகிப்போன மறுப்பு. சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார். அதிகாரியின் பேனா நின்றது.

தனுஷன் வாயைத் திறக்கவில்லை.

"தனுஷன், அவர் சொன்னத அவங்களுக்குச் சொல்லுங்க" என்றார் அதிகாரி தமிழில்.

அவன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்தான். அவனைச் சின்ன வயதில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் தூக்கி வைத்திருந்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

"சார் சொல்றாரு..." அவன் தொண்டையைச் செருமினான். "மெஷின் கீழ போறப்ப, அதுக்கு நேர் மேல இருக்கிற பழைய கட்டடத்துக்குள்ள கம்பனி ஆள் யாரும் போகக் கூடாதாம். இடிஞ்சு விழலாமாம். அது கம்பனியோட பாதுகாப்பு விதியாம்."

அதிகாரி அதை வரிவரியாக எழுதிக்கொண்டார்.

"கம்பனி ஆள் போகக் கூடாது" என்றாள் பூரணி. "நாங்க தூங்கலாம்."

இன்ஜினியர் தனுஷனின் பக்கம் திரும்பி அதட்டினார். தனுஷன் இந்த முறை குனியவில்லை.

"நான் சொன்னது அவர் சொன்னதுதான் மிஸ். அக்காமாருக்கு நான் சொன்னதும் அப்படித்தான். எனக்குச் சொல்லிக் குடுத்ததத்தான் சொன்னேன். 'உடையாத கண்ணாடி வேணும், எப்படியாவது'ன்னாரு. என் தப்பையும் எழுதிக்கோங்க."

திருமதி விஜேகோன் அந்த விதி எழுதியிருக்கும் புத்தகத்தைக் கேட்டார். அது வந்து சேர இருபது நிமிடம் ஆனது. வாசிக்க இரண்டு நிமிடம். மேலே இருக்கும் அத்தனை குடும்பங்களுக்கும் பாதுகாப்பான வீடு கிடைக்கும் வரை குடையும் வேலையை உடனடியாக நிறுத்த வேண்டும் என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டபோது மணி ஒன்று. கண்ணாடி மாற்றியது பற்றி ஒன்பது பேரிடமும் தனியாக வாக்குமூலம் எடுப்பேன் என்றும் சொன்னார். பூரணி தலையாட்டினாள். அதற்கும் அவள் தயாராகத்தான் வந்திருந்தாள்.

*

வெளியே படிக்கட்டில் அழகுமுத்து மனைவியை நிறுத்தினார்.

"ரெண்டு மாசம். எனக்குக்கூட சொல்லாம இருந்திருக்க."

"சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே போயி சண்ட போட்டிருப்பீங்க. உங்கள வேலையிலருந்து நிப்பாட்டியிருப்பாங்க. என் தப்புதான். இப்ப திட்டாதீங்க, நேரமில்ல. கடிதத்த எடுத்துட்டு வாங்க."

"எங்க? அவங்களே கம்பனிக்கு அனுப்புவாங்களே."

"அவங்க அனுப்பட்டும். அதுக்கு முந்தி நாம போவோம்."

நாலு பேர் ஸஃப்வானின் வண்டியில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் தொங்கினார்கள். சுரங்க வாயிலில், மலைக்குள்ளிருந்து ஈர மண்ணைச் சுமந்துகொண்டு ஒரு நீளமான பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. மண் ஓடினால் உள்ளே இயந்திரம் குடைகிறது என்று அர்த்தம்.

காவலாளி கடிதத்தை மேலும் கீழும் பார்த்தான். பெரிய சார் வந்து சொன்னால்தான் நிறுத்த முடியும் என்றான்.

"வரட்டும்" என்று சொல்லி, லொறிகள் போய் வரும் பாதையின் நடுவில் பூரணி உட்கார்ந்தாள். மற்ற எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். அழகுமுத்து தன் சட்டையைச் சரிசெய்துகொண்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மண் ஏற்றிய லொறி ஒன்று வந்து அவர்கள் முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சாரதி ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி நிழலில் போய் நின்றுகொண்டான்.

"மேடம், நம்ம வேலை முடிஞ்சிரிச்சி. போவோமா?" என்றான் ஸஃப்வான்.

சுலக்ஷனா செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சேற்றில் உட்கார்ந்தாள். ஸஃப்வான் தன் புதுக் காற்சட்டையை ஒரு தடவை வருத்தத்தோடு பார்த்தான். பிறகு அவனும் உட்கார்ந்தான்.

இரண்டு பத்துக்கு, பாதி மண்ணைச் சுமந்தபடியே பெல்ட் நின்றது. மலைக்குள்ளிருந்து மாதக் கணக்காக வந்துகொண்டிருந்த உறுமல் அடங்கியது. நிலக்ஷி எழுந்து சேலையைத் தட்டிவிடத் தொடங்கினாள்.

"உக்காரு" என்றாள் பூரணி. "நாம எழும்பினா திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பாங்க."